மஞ்சள் தண்ணீரில் வெந்த பிளேட்டு

என் முன்பற்கள் நான்கும் அப்பாவிடமிருந்து வந்தவை. அவருக்கு அவை உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே நிற்கும். அரசு பஸ்ஸில் கண்டக்டர்; விசிலைக் கடித்துப் பிடிக்க வசதியாக இருக்கிறது என்று சொல்லி அவரே சிரிப்பார். ஆம்பிளை சிரிக்கலாம். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் தேங்காய்த் துருவி. எட்டாம் வகுப்பில் இந்தப் பெயரை வைத்தவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் அதில் எனக்குப் பொறுக்காத விஷயம்.

அதற்குப் பிறகு நான் சிரிப்பதை விட்டுவிட்டேன். யாராவது வேடிக்கையாகப் பேசினால் குனிந்துகொள்வேன். வீட்டில் இதை முதலில் கவனித்தது அம்மாதான். ஒருநாள் அப்பா காக்கிச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது போய் எதிரில் நின்றாள்.

"இவ வாய் விட்டுச் சிரிச்சு எத்தினி நாளாச்சு தெரியுமா உங்களுக்கு? மெட்ராஸ்ல பல்லுக்குக் கிளிப்பு போடறாங்களாமே. இட்டுக்கினு போங்க."

அப்பா மறுபேச்சு பேசவில்லை. அப்போது அவருக்கு மெட்ராஸ் வண்டியில் டூட்டி. மாதம் ஒருமுறை, விடிவதற்கு முன் கிளம்பும் அந்த வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் என்னை உட்கார வைப்பார். சொந்த மகளானாலும் முதல் டிக்கெட்டை எனக்குத்தான் கிழிப்பார். செஞ்சி, திண்டிவனம் தாண்டி மெட்ராஸ் போய்ச் சேர்ந்ததும், பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்திலிருந்த பல் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுவார். இப்படி இரண்டு வருடம். இரண்டு கடைவாய்ப் பக்கத்துப் பற்களைப் பிடுங்கினார்கள். கம்பியை முறுக்கிய ஒவ்வொரு முறையும் மூன்று நாளைக்கு ரசம் சாதம்தான் இறங்கும். திருவண்ணாமலையில் அப்போது வாயில் கம்பியோடு திரிந்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். துருவி போய், கம்பி வேலி என்று புதுப்பெயர் வந்தது. அதற்கு நான் கோபப்படவில்லை. வேலிக்குப் பின்னால் வேலை நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கம்பியைக் கழற்றிய அன்று, ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த கண்ணாடியில் பார்த்தேன். வேறு யாரோ பார்ப்பது போலிருந்தது. நான்கு பற்களும் சொன்ன பேச்சைக் கேட்டு வரிசையில் நின்றன. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் எனக்கு வைத்தியம் பார்த்த இளம் டாக்டரம்மா அத்தோடு விடவில்லை. ரோஸ் நிறத்தில், மேல்வாய்க்கு அப்படியே பொருந்துகிற ஒரு பிளேட்டை என் கையில் கொடுத்தார். அதன் முன்புறம் ஒரு மெல்லிய கம்பி, பற்களை அணைத்தபடி ஓடியது. அதற்குப் பெயர் ரிடெய்னர்.

"சாப்பிடறப்ப, பல்லு விளக்கறப்ப மட்டும் எடு. மத்த நேரம் ராவும் பகலும் வாயிலயே இருக்கணும். ஒரு வருஷம். பல்லு இன்னும் கெட்டிப்படல. போடாம விட்டா பழைய இடத்துக்கே திரும்பிடும். பொருந்தலன்னா அடுத்த தேதி வரைக்கும் காத்துக்கினு இருக்காத, உடனே வந்துடு."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு தடவை சொன்னார். நான் இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

முதல் வாரம் பேச்சு சொதசொதவென்று வந்தது. அண்ணாமலை என்று சொன்னால் எச்சில் தெறித்தது. அது பழகிவிட்டது. பழகாதது, வீட்டில் அந்தப் பிளேட்டை எங்கே வைப்பது என்கிற விவகாரம். அம்மாவுக்கு எச்சில் என்றால் ஆகாது. டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் அந்த டம்ளர் அன்று முழுக்கத் தனியாக நிற்கும். வாயிலிருந்து ஒரு பொருளை எடுத்து, கழுவி, மறுபடி வாய்க்குள்ளேயே போடுவது அவளுக்கு எந்தக் கணக்கிலும் வராத காரியம். கடைசியில் கைப்பிடி உடைந்த பீங்கான் கப் ஒன்றைக் கொடுத்து, குளியலறை ஜன்னல் விளிம்பில் இடம் ஒதுக்கினாள். நான் சாப்பிடும் நேரத்துக்கு பிளேட்டு அங்கே தண்ணீரில் கிடக்கும்.

சாமி விஷயத்தில்தான் சிக்கல் பெரிதானது. எங்கள் வீடு தேரடித் தெருவை ஒட்டிய சந்தில் இருந்தது. அம்மா தினமும் சாயங்காலம் கோயிலுக்குப் போவாள், நானும் கூடப் போவேன். வாயில் எச்சில் பட்ட சாமானை வைத்துக்கொண்டு சந்நிதியில் நிற்கக் கூடாது என்பாள். சரி என்று, அந்த ஒரு மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தேன். ஆனால் கார்த்திகை வந்தது. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் காலையிலும் மாலையிலும் சாமி வீதிக்கு வரும். எங்கள் சந்து முனையிலேயே வரும். ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்து வீடு நிறையும். அம்மாவின் சட்டப்படி பார்த்தால், பத்து நாளும் பகலில் நான் பிளேட்டைப் போடவே முடியாது.

அம்மா டாக்டர் சொன்னதை அலட்சியம் செய்கிறவள் இல்லை. அந்தப் பல் வரிசையை என்னைவிட அவள்தான் அதிகம் பார்த்துப் பூரித்தாள். அண்டை வீட்டுக்காரிகள் வந்தால், "ஏய், இங்க வா, சிரி" என்பாள். டாக்டர் சொன்னதும் நடக்க வேண்டும், சாமிக்கும் குற்றம் வரக் கூடாது. இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தாள். கொடியேற்றத்தன்று காலையில், வீட்டைக் கழுவிவிட்ட ஈரத்தோடு, நான் இட்லி சாப்பிட்டு எழுந்த சமயம், முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள்.

"இந்தா. மஞ்சள் போட்டு நல்லா கொதிக்க வெச்சு எடுத்துட்டேன். எச்சிலும் போச்சு, தீட்டும் போச்சு. இனிமே சந்நிதிக்கே போட்டுக்கினு வரலாம். பத்து நாளும் கழட்டாத."

பிளேட்டு அவள் உள்ளங்கையில் இளம் மஞ்சளாக, இன்னும் சூடாக இருந்தது. அடுப்பில் வைத்திருந்த அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வாங்கி வாயில் வைத்தேன். அது உட்காரவில்லை. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கியது. கட்டைவிரலால் பலமாக அழுத்தியதும் ஒரு வழியாகச் சிக்கிக்கொண்டது, ஈறில் கம்பி குத்தியது.

அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது, பிளேட்டு கோணிவிட்டது என்று.

சொல்லியிருக்கலாம். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரியா இருக்குதா?" என்று கேட்டாள். பக்கத்தில் பெரியம்மா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். தெய்வத்துக்கும் டாக்டருக்கும் சேர்த்து ஒரே வழி கண்டுபிடித்த பெருமை அவள் முகத்தில். "இருக்கும்மா" என்றேன். நல்ல பிள்ளையாக இருக்க ஆசைப்பட்டால் இப்படித்தான் புத்தி மழுங்கும்.

அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் திருவிழா ஸ்பெஷல் வண்டிகளில் ஏறியவர் வீட்டில் தங்கவே இல்லை. துணி மாற்ற வந்தபோதுகூட நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ஓடினார். தீபத்தன்று சாயங்காலம் மொட்டை மாடியில் எல்லோரும் மலையைப் பார்த்து நின்றோம். உச்சியில் ஜோதி தெரிந்ததும் ஊரே அரோகரா என்றது. நானும் சொன்னேன், பிளேட்டு நழுவிக் கீழ்ப்பல்லில் விழுந்தது. நாக்கால் தூக்கி மறுபடி ஒட்ட வைத்தேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

திருவிழா முடிந்தது, உறவினர்கள் போனார்கள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்கிற பயம் புதிதாகச் சேர்ந்துகொண்டது. ஆஸ்பத்திரித் தேதி மார்கழி நடுவில்தான். அதுவரை குத்துகிற இடத்தில் பஞ்சு வைத்து ஓட்டினேன். பிறகு பகலில் போடுவதையே விட்டேன். இடது பக்கம் முன்பல்லுக்கு அடுத்த பல் மெல்லத் திரும்பத் தொடங்கியதை நாக்குதான் முதலில் கண்டுபிடித்தது. நாக்கை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இருக்கப் பழகினேன்.

தேதி வந்தது. இந்த முறை அம்மாவும் கூட வந்தாள், டாக்டரம்மாவுக்குக் கொடுக்க ஒரு பாட்டில் ஊறுகாயோடு. டாக்டர் என் வாயைப் பார்த்தார். பிளேட்டைக் கழற்றி, அலமாரியிலிருந்து என் பல்வரிசையின் பழைய மாவு அச்சை எடுத்து, அதன்மேல் வைத்துப் பார்த்தார். பிளேட்டு இப்படியும் அப்படியும் ஆடியது.

"இத சுடுதண்ணில போட்டீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஆமாங்க. நான்தான் மஞ்சள் போட்டுக் கொதிக்க வெச்சேன். பத்து நாளும் ஒரு வேள கூட கழட்டல பாருங்க." சொல்லும்போது அவளுக்குப் பெருமை.

டாக்டர் கோபப்படவில்லை. சூட்டில் இது இளகிக் கோணிவிடும், பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதும் என்று நிதானமாகச் சொன்னார். புதிதாக அளவெடுத்து வேறு பிளேட்டு தருவதாகவும், ஆனால் திரும்பிய பல்லைப் பிளேட்டு இழுக்காது, இருக்கிற இடத்தில் நிறுத்தி மட்டும் வைக்கும் என்றும் சொன்னார். அதைச் சரி செய்ய மறுபடி சில மாதம் கம்பி கட்ட வேண்டும். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ஊறுகாய் பாட்டிலை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். கொடுக்க மறந்து திரும்பக் கொண்டு வந்தோம்.

மறுபடி கம்பி கட்டவில்லை. பிளஸ் டூ பரீட்சை நெருங்கியது, அப்பாவையும் வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள், எனக்கும் அலுத்துவிட்டது. புதுப் பிளேட்டை ஒழுங்காகப் போட்டேன். மற்ற மூன்று பற்களும் நின்றன. அந்த ஒன்று மட்டும் தோளைத் திருப்பிக்கொண்டு நின்றது. எனக்கு அது பெரிய குறையாகத் தெரியவில்லை. சிரிக்கத் தொடங்கியிருந்தேன், நிறையவே சிரித்தேன்.

அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. நான் சிரிக்கும்போதெல்லாம் அவள் பார்வை அந்தப் பல்லில் போய் நிற்கும். யார் என்ன கேட்டாலும், "நான்தான் கெடுத்துட்டேன். படிச்சவங்களா இருந்தா இப்படிப் பண்ணுவாங்களா?" என்பாள். முதல் சில முறை "விடும்மா" என்றேன். அப்புறம் அதையும் சொல்லவில்லை. அவள் அப்படிச் சொல்வது வீட்டில் கடிகாரம் அடிப்பது போல வழக்கமாகிவிட்டது.

நான்கு வருடம் போனது. வரன் பார்க்க ஆரம்பித்தார்கள், போட்டோ வேண்டும் என்றார்கள். தேரடித் தெருவில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனோம், நானும் அம்மாவும். ஸ்டுடியோக்காரர் விளக்குகளைப் போட்டார். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார். நான் சிரித்தேன்.

"வேணாங்க, வாய மூடிக்கினே எடுங்க" என்றாள் அம்மா. "ஒரு பல்லு கோணலா இருக்கும். பொண்ணு மேல தப்பு இல்ல. எல்லாம் நான் பண்ணது."

முன்பின் தெரியாத ஒரு மனிதரிடம் அவள் இதைச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன்.

"நீ பண்ணல. நீ கொதிக்க வெச்ச அன்னிக்கே எனக்குத் தெரியும், அது கோணிப்போச்சுனு. பொருந்தலன்னா உடனே வரச் சொன்னாங்க டாக்டர். அப்பவே போயிருந்தா வேற பிளேட்டு குடுத்திருப்பாங்க, பல்லு திரும்பியே இருக்காது. நான்தான் அஞ்சு வாரம் சொல்லல."

அம்மா என்னைப் பார்த்தாள். ஸ்டுடியோக்காரர் எதையோ எடுப்பது போல உள்ளே போய்விட்டார்.

"ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்த. அத்தினி பேர் முன்னால உன்னத் தப்பு சொல்ல மனசு வரல."

"அப்ப வரல. சரி. சின்னப் பொண்ணு." அவள் என் எதிரில் வந்து நின்றாள். "ஆஸ்பத்திரியில நான் தல குனிஞ்சு ஒக்காந்திருந்தனே, அப்ப? அதுக்கப்புறம் நாலு வருஷமா பாக்கறவங்க கிட்டல்லாம் நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன்னு சொல்லிக்கினு திரிஞ்சனே, பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தியே, அப்ப?"

அவளைக் காப்பாற்றுவதற்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று நாலு வருடமாக என்னிடமே சொல்லி வைத்திருந்தேன். அந்த விளக்கு வெளிச்சத்தில் நிற்கும்போது அது பொய் என்று தெரிந்தது. அவள் பழியைச் சுமந்தது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

"நீ வாயத் தொறக்கணும்னுதானடி மெட்ராசுக்கு அனுப்பனேன்" என்றாள் அம்மா.