கோப்பைக்காரனிடம் எமல்டா மிஸி கேட்ட கேள்வி

இத்தால் தேற்றாத்தீவுப் பங்குமக்கள் சகலருக்கும் ஆழ்ந்த துயருடன் அறியத்தருவது யாதெனில், பங்கு மண்டபத்தின் மூத்த அங்கத்தவரும், வலது கையை இழந்த பின்பும் சேவையிலிருந்து ஓய்வுபெற மறுத்தவருமாகிய நீலப் பிளாஸ்டிக் கதிரை, இன்று காலை உபதேசியாரின் பாரம் தாங்காது நான்கு கால்களையும் விரித்து இறையடி சேர்ந்தது. அன்னாரின் பூதவுடல் மண்டபத்தின் பின்புறம், தேங்காய் மட்டைகளுக்குப் பக்கத்தில், அஞ்சலிக்காக வைக்கப்பட்டுள்ளது.

இதை இளைஞர் குழுவின் வாட்சப்பில் போட்டுவிட்டு, வந்து விழும் சிரிப்பு முகங்களை ரசித்துக்கொண்டிருந்தேன். அது எமல்டா மிஸியின் கதிரை. வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் மிஸி ஒன்றும் சொல்லமாட்டார். பக்கத்தில் வந்து நின்று, எழும்பும்வரை சுகம் விசாரிப்பார். என் அறிவித்தலுக்குக் கீழே மிஸியின் பெறாமகள் ஒரு வரி எழுதினார்: “எமல்டா மிஸி விடியக்காலம நித்திரையிலயே போயிட்டா.” அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். கதிரையின் பிரிவைத் தாங்காமல் மிஸியும் போய்விட்டதாக நான் ஆள்வைத்து அடுத்த பகிடியை இறக்கிவிட்டேன் என்று நினைத்திருக்கிறார்கள். கோயில் மணி துக்கத்துக்கு அடிக்கத் தொடங்கிய பிறகுதான் சிரிப்பு முகங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன.

மிஸி இருந்திருந்தால் அழிக்க விட்டிருக்கமாட்டார். கதிரைக்கும் சேர்த்து ஒரு செபம் சொல்லியிருப்பார்.

மிஸியின் இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பாதிப் பேரை இந்த உலகத்துக்குள் இழுத்து எடுத்தவர் அவர். பிரசவ விடுதியில் தாதியாக வேலைசெய்து, இளைப்பாறி, அதன் பிறகு எங்களை மேய்த்தார். அவர் பெருமைகளை மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குச் சொந்தமாக ஒரு பெருமை இருக்கிறது, அதை நான்தான் எழுதவேண்டும்: வாயால் எமல்டா மிஸியை வென்ற ஒரே ஆள், இந்தக் கடலுக்கும் அந்த வாவிக்கும் இடைப்பட்ட நிலத்தில், நான். சாட்சிக்கு ஒரு வெள்ளிநிறக் கோப்பை உண்டு.

போன வருடத் திருவிழாவில் இளையோருக்கும் மூத்தோருக்கும் பட்டிமன்றம் வைத்தார்கள். கருவில் இருப்பது முழு மனித ஆளா, இல்லையா என்பது தலைப்பு. மூத்தோர் அணிக்கு மிஸி தலைவர், எங்களுக்கு நான். சீட்டுக் குலுக்கியதில் “இல்லை” எங்களுக்கு விழுந்தது. பாதர் நடுவராக இருந்து தலையில் கைவைத்தார்.

நான் வயற்காரன் மகன். ஊறப்போட்டு முளைத்த விதைநெல்லை யாரும் வயல் என்று சொல்வதில்லை என்று தொடங்கினேன். மண்டபம் கொஞ்சம் அசைந்தது. மிஸி கதிரையில் இருந்தபடியே கேட்டார்.

“மனே, அந்த முளைச்ச நெல்லில நீ ஏறி உழக்கினா உன்ர அப்பா என்ன செய்வார்?”

“அடிப்பார், மிஸி.”

“என்னத்துக்கு அடிப்பார்? அதுதான் வயலில்லையே.”

“அடிப்பார்தான். ஆனா நெல்லுக்குச் சவப்பெட்டி அடிக்கமாட்டார்.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. மிஸியும் தட்டினார். பிறகு அவர் பேசியதில் கோபமே இல்லை. கருவுக்குள் ஆத்துமா எந்த நேரத்தில் வருகிறது என்பதில் பழைய காலத்துத் திருச்சபைப் பெரியவர்களே ஒத்துப்போகவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். “ஆனா இருட்டுக்க ஆரும் படுத்திருக்காங்களோ எண்டு தெரியாட்டி, நாம மெதுவாத்தான் கால் வைப்பம். இல்லையெண்டு முடிவெடுத்து ஓடமாட்டம்” என்றார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

“வயித்தில இருக்கிறது ஆளா இல்லையா எண்டத விடு. அது உனக்கு என்ன முறை? அதச் சொல்லு பாப்பம்.”

“முறை சொல்ல அது இன்னும் ஒரு முறைப்பாடுகூடச் செய்யேல்லையே, மிஸி.”

மண்டபம் சிரித்து முடிய மூன்று நிமிடம் பிடித்தது. அந்தச் சிரிப்பில் கேள்வி காணாமற்போனது. கோப்பை எங்களுக்கு. அன்றிலிருந்து மிஸிக்கு நான் “கோப்பைக்காரன்.”

அதற்குச் சில கிழமைகளுக்குப் பிறகுதான் என் அம்மாவின் தங்கை ஜெசிந்தா சின்னம்மாவின் விஷயம். கலியாணம் முடித்துப் பல வருடமாகப் பிள்ளையில்லாமல், நேர்த்தி வைக்காத கோயிலில்லாமல், கடைசியில் தங்கியது. தங்கிய இடம்தான் பிழை. கருப்பையில் அல்ல, குழாயில். குழாய் எந்நேரமும் வெடிக்கலாம், உடனே எடுக்கவேண்டும், விட்டால் தாயும் இல்லை என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் சொன்னார். சின்னம்மா கையெழுத்து வைக்க மறுத்துவிட்டார்.

“நான் கேட்டு வாங்கின பிள்ளைய நானே கொல்லக் குடுக்கவா? கருவக் கலைக்கிறது பாவமெண்டு ஞாயிறுப் பள்ளியில படிப்பிக்கிறவள் நான்.”

சின்னப்பா சுவரில் சாய்ந்து அழுதார். என்னிடம்தான் வென்ற வாதம் இருந்ததே. கட்டிலுக்குப் பக்கத்தில் போய், “சின்னம்மா, அது இன்னும் ஆளில்லைதானே” என்றேன். கூரையைத் தொட்ட அதே வாதம். சின்னம்மா என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சிரிக்க யாரும் இல்லாத இடத்தில் என் வாய் அதற்கு முன்பு திறந்ததில்லை. மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு மிஸியிடம் ஓடினேன்.

பின்னால் ஏறியவர் தலைக்கவசத்துக்குள் ஃபோனைச் செருகிக்கொண்டு பாதருடன் பேசத் தொடங்கினார். காற்றில் கேளாது என்று நினைத்துக் கத்திப் பேசினார். களுவாஞ்சிக்குடிச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அன்று கருக்குழாயைப் பற்றியும், நோக்கம் வேறு விளைவு வேறு என்ற திருச்சபைப் போதனையைப் பற்றியும் இலவசமாகத் தெரிந்துகொண்டார்கள்.

ஆஸ்பத்திரி விடுதிக்குள் போனதும் மிஸி குரலைத் தாழ்த்திக்கொண்டார். சின்னம்மாவின் காலடியில் உட்கார்ந்தார்.

“ஜெசி, இஞ்ச பாருகா. அந்தக் குழாய் பழுதாயிட்டு. பழுதான குழாயத்தான் எடுக்கிறாங்க, உன்னக் காப்பாத்த. பிள்ளைய அங்கயிருந்து தூக்கிக் கருப்பைக்குள்ள வைக்க வழியிருந்தா நான் டொக்டர விட்டிருப்பனா? வழியில்லகா. நீ செத்தாலும் அது பிழைக்காது. பாதரும் இது பாவமில்லையெண்டுதான் சொல்றார்.”

“அப்ப அது பிள்ளை இல்லையா, மிஸி?”

“இல்லை” என்று ஒரு சொல் சொன்னால் காரியம் லேசாக முடிந்துவிடும். மிஸி அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

“பிள்ளைதான். உன்ர பிள்ளைதான். நீயும் ஒருத்திர பிள்ளைதானே. ரெண்டையும் சாகவிட ஆண்டவர் கேக்கல்ல. கையெழுத்து வை. மறுகா நாம ரெண்டு பேரும் இருந்து அதுக்காக அழுவம்.”

சின்னம்மா கையெழுத்து வைத்தார். சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்ததும் முதலில் கேட்டது, இந்த வயதில் மிஸியை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்த முட்டாள் யார் என்று. அப்போதே தெரிந்தது, ஆள் தப்பிவிட்டார்.

அந்த நவம்பரில்தான் சவக்காலையின் பூவரச மூலையை நான் கவனித்தேன். ஆத்துமாக்கள் திருநாளில் எல்லாரும் தத்தம் கல்லறைகளுக்குத் திரி கொளுத்த, மிஸி மட்டும் கல்லறையே இல்லாத அந்த மணலில் கொளுத்துவார். பிறக்காமற் போனவர்களுக்கு. கரு தங்காமல் இழந்த பெண்கள் வந்து நிற்பார்கள். சைவப் பெண்களும் வருவார்கள். கலைத்தவர்களும் வந்து நிற்கிறார்கள், இது நியாயமா என்று ஒரு சபைப் பெரியவர் கேட்டார்.

“கலைக்கிறது பிழையெண்டு நான் எப்பவும் சொல்லுவன், இப்பவும் சொல்றன்” என்றார் மிஸி. “அதுக்காக அவள் அழுறதுக்கு இடம் குடுக்காம விடுவனா? தள்ளி நில்லுங்க, திரி நூருது.”

சின்னம்மா அவருக்குப் பக்கத்தில் நின்றார். நான் கேற்றுக்கு வெளியே, மோட்டார்சைக்கிளில். போகும்போது மிஸி கேட்டார், “என்ன கோப்பைக்காரன், என்ன முறையெண்டதுக்கு விடை கிடைச்சிட்டா?” நான் ஹோர்னை அடித்துத் தப்பினேன்.

மிஸியின் கருத்தை நான் முழுதாக ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று யாரும் எழுதவேண்டாம். விதைநெல் வயலில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். நாளைக்கு அவர் எழும்பி வந்தாலும் மண்டபத்தில் சண்டை பிடிப்பேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய முடிவை அல்ல, அந்தக் கேள்வியை. அதுவும் விருப்பத்தோடு அல்ல. அது போகமாட்டேன் என்கிறது.

இந்த முறை ஆத்துமாக்கள் திருநாளுக்கு மிஸி இல்லை, மழை இருந்தது. அவருடைய புது மண்ணில் ஊரே திரி கொளுத்தியது. பூவரச மூலையில் சின்னம்மா மட்டும், கொளுத்தக் கொளுத்த அணைந்து நூர்ந்துகொண்டிருந்த ஒரு திரியோடு. வாவிக்காற்று அப்படி.

இனி ஒரு சின்ன விஷயம். கோப்பையைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வரப்போகிறவர்கள் வீணாக அலையவேண்டாம். அது அலுமாரியில் இல்லை. பூவரச மூலை மணலில் பாதி புதைந்திருக்கிறது. உள்ளுக்குத் திரியை வைத்தால் எந்தக் காற்றுக்கும் நூராது, நல்ல ஆழம். வைத்தது நான்தான். வைக்கும்போது, யாருக்கும் கேளாது என்று நினைத்து, “தம்பியோ தங்கச்சியோ, இஞ்ச நனையாது” என்று சொல்லியும்விட்டேன்.

சின்னம்மாவுக்குக் கேட்டுவிட்டது. மிஸிக்கும் கேட்டிருக்கும், காது நல்ல கூர்மை.