அவர் போட்டுக்கொள்ளாத ஊசி

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதலியார்பேட்டையிலிருந்து ஆட்டோ பிடித்து, புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தோம். பக்கவாதம் வந்து படுத்திருந்த என் கணவர், மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்து, கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்த நேரம்.

குருசுக்குப்பத்திலிருந்து வந்து மீன் விற்கும் பெண் ஒருத்தி அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். அதில் என் கணவர் நடந்துகொண்டிருந்தார். பின்னணியில் பாட்டு. கீழே, ஒரு தனியார் கிளினிக்கின் பெயரோடு, ஸ்டெம்செல் ஊசியால் பக்கவாதம் குணமானவர் என்று எழுதியிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்தக் கிளினிக்குக்கு நாங்கள் ஒரே ஒரு முறை, விசாரிக்கத்தான் போயிருந்தோம். ஊசி போட்டால் செத்த மூளை செல்கள் மறுபடி வளர்ந்து, பழையபடி ஆகிவிடுவார் என்றார்கள். நடையைப் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லி வீடியோ எடுத்தார்கள். ஆனால் எங்கள் நரம்பியல் டாக்டர், அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, சிகிச்சையாக விற்க அனுமதியே இல்லை என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

அந்தப் பெண்ணின் கணவரும் பக்கவாதத்தில் படுத்திருந்தார். வீடியோவை நம்பி, பிசியோதெரபியை நிறுத்திவிட்டு, ஊசிக்கு அழைத்துப் போகத் தயாராக இருந்தாள். நாங்கள் ஊசியே போடவில்லை என்றேன். அவள் முகம் மாறியது.

"உங்க ஊட்டுக்காரு எழுந்து நடக்குறாரு. எங்க ஆளு நடக்க வேணாமாக்கா?"

பேச்சு இன்னும் குழறுவதால் வெளியில் வாயே திறக்காத என் கணவர், அவள் எதிரில் வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னார்.

"ஊசி... போடல. தெனம்... நடந்தேன்."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கிளினிக்குக்குப் போனேன். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "நல்ல விஷயந்தானே மேடம், நாலு பேருக்கு நம்பிக்கை வரட்டுமே" என்றார். வெளியிடத்தில் குரலை உயர்த்தியே அறியாதவள் நான். அன்று காத்திருந்த அத்தனை பேர் முன்பும் கத்தினேன், என் கணவருக்கு இங்கே எந்த ஊசியும் போடவில்லை, அந்த வீடியோ பொய் என்று. ஒரு தம்பதி எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

போலீசில் புகார் கொடுத்த பிறகுதான் வீடியோவை நீக்கினார்கள். கிளினிக் இன்றும் திறந்தே இருக்கிறது. மீன்காரப் பெண்ணின் கணவர் பிசியோதெரபிக்குத் திரும்பிவிட்டார். இப்போது தானாக உட்காருகிறாராம், நடக்க இன்னும் முடியவில்லை.

என் கணவர் வலியோடு எடுத்து வைத்த ஒவ்வொரு அடியையும் திருடி, இன்னொரு வீட்டை ஆசைகாட்டி ஏய்க்கப் பார்த்தார்களே, அந்த ஆத்திரம் எனக்கு இன்றும் தணியவில்லை, தணியவும் வேண்டாம்.