பழுதாகாத லிஃப்ட்

மனைவி பிழைத்தது மட்டும் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் போதவில்லை. பழையபடி ஆக வேண்டும், அதுவும் சட்டுப்புட்டென்று. ஆறு மாதம் புற்றுநோய் மருந்து ஏறிய உடம்பு அது. அந்த மருந்துகளில் சிவப்பாக ஒன்று. அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே அவளுக்குக் குமட்டும். கட்டி கரைந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்த அழுகையில், டாக்டர் கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தும் மனதில் தங்கவில்லை.

"அந்தச் சிவப்பு மருந்து சில பேருக்கு இதயத்தப் பாதிக்கும். மூச்சு வாங்கினா, கால் வீங்கினா உடனே கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்தவள் எந்நேரமும் படுத்தே கிடந்தாள். "இப்படியே கிடந்தா உடம்பு துருப்பிடிச்சிடும்மா," என்றார். ஊரார் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கும் மகராசன், மோட்டார் அறைக்குப் போய்த் தன் குடியிருப்பு லிஃப்டின் ஃபியூஸைப் பிடுங்கி வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, கீழே 'பழுது' என்று அட்டை மாட்டினார். நாலு மாடி ஏறினால் தெம்பு வந்துவிடுமாம்!

"உங்க வீட்டு லிஃப்டையே சரி பண்ண மாட்டீங்களா?" என்றார் கீழ்வீட்டு டீச்சர்.

"பார்ட்ஸ் வரணுங்க," என்று கூசாமல் புளுகினார்.

தினமும் அவள் இறங்கி ஏறினாள். இவர் மேலே நின்று கைதட்டினார். ஒவ்வொரு மாடியிலும் அவள் உட்கார்ந்தபோது, "இன்னும் கொஞ்சந்தான், வா வா," என்றார். கால் வீங்கியபோது, புதிதாக நடப்பதால்தான் என்று தைலம் தேய்த்துவிட்டார். ரெண்டு மாதம் இந்தக் கூத்து நடந்தது.

ஒரு மாலை மூன்றாம் மாடியில் சரிந்து விழுந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் பொத்தானை அழுத்தினார். பழக்கதோஷம்! பிறகுதான் உறைத்தது. மூன்று மாடியும் படியிலேயே இறங்கினார்.

"இதயம் பாதிதான் வேலை செய்யுது," என்றார் டாக்டர். "மாடி ஏறினதால வரல, மருந்தால வந்தது. மாத்திரையில தேறலாம். ஆனா ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருக்கணும்."

அவள் கண் விழித்ததும் ஃபியூஸ் கதை முழுவதையும் கொட்டித் தீர்த்தார். வாய்விட்டுத் திட்டினால் பாரம் குறையும் என்று காத்திருந்தார். அவளோ அவர் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"முதல் வாரமே மூச்சு முட்டிச்சுங்க. நீங்க மேல நின்னு சிரிச்சீங்க. எத்தனை நாளாச்சு அந்தச் சிரிப்பப் பாத்து! சொல்ல மனசு வரல."

அவர் அவள் பக்கம் குனிந்தார். "இப்ப மூச்சு வாங்குதா?"

பதில் சொல்லுமுன் அவள் அவர் முகத்தை ஒரு முறை பார்த்தாள்.

"இல்லையே," என்றாள்.

அவர் நர்ஸைக் கூப்பிட ஓடினார்.