ஏற மறுத்த பேர்கள்

கணினி ஒரு காரியத்தை மறுக்கும்போது எழுப்பும் ‘டங்’ என்ற ஒலி, வங்கியிலோ கிளினிக்கிலோ எங்கே கேட்டாலும், எனக்குத் தேயிலை வாடும் வாசம் வந்துவிடுகிறது. கூடவே மலைமேல் இருந்த எங்கள் தோட்ட ஆபீஸ், தகரக் கூரையில் மழை, திரைக்கு முன்னால் பல்லைக் கடித்தபடி பெரிய கிராணியம்மா. நான் அவருக்குக் கீழே சின்ன கிராணி, உதவிக் குமாஸ்தா.

கோயில் திருவிழாவன்று, காவடி கிளம்புமுன், லயத்து வரிசை வீடுகளின் வாசல்களில் குடும்பம் குடும்பமாக நிற்கவைத்து அவர் படம் எடுப்பார். பல வீடுகளில் செத்துப்போனவர்களுக்கு அதைவிட்டால் வேறு படம் கிடையாது. அவற்றை ஆபீஸ் கணினியில் ஃபோல்டர்களாக அடுக்கினார். எங்கள் தோட்டத்தில் வெறும் பேரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. எந்த முனியம்மா என்பார்கள். ஆகவே ஃபோல்டருக்கும் ‘தண்ணித் தொட்டி பக்கத்து வீட்டு முனியம்மா, கொழுந்து மேஸ்திரி மகள்’ என்றே பேர். மகன் கல்யாணம் கட்டினால் புதிதாக ஒன்று திறக்கமாட்டார். தாயின் ஃபோல்டருக்குள் மகனை வைப்பார், அவனுக்குள் அவன் மகளை. “பெத்தவள விட்டுட்டு தனியா எங்க போயி நிப்பான்?” என்பார். பிறகொரு நாள் தலைமையகத்து ஆட்கள் வந்து, அத்தனையையும் கம்பெனி ஃபோல்டர்களுக்குள் திணித்துவிட்டுப் போனார்கள்.

லயங்களை இடிப்பதென்று முடிவாகி ஆபீஸும் மூடப்பட்டது. கணினியைத் துடைத்து அழிக்க எடுத்துப்போக மதியம் லோரி வரும். அதற்குள் படங்களைத் தன் வெளி டிஸ்க்கில் ஏற்றிவிட அவர் உட்கார்ந்தார். டங். பாதை மிக நீளம் என்றது திரை. ஒரு படம் இருக்கும் இடம், கணினிக்கு, வெளி ஃபோல்டரிலிருந்து கடைசி ஃபோல்டர்வரை கோத்த ஒரே வரி. வரி அளவு மீறினால் படத்தைத் தொடாது.

ஏறாதவற்றின் பட்டியலைப் பார்த்த கிராணியம்மா மெல்லச் சொன்னார்: “நேத்து வந்து இன்னிக்குப் போனவன்லாம் ஏறிட்டான். இங்கியே கெடந்தவந்தான் ஏறல.”

தோட்ட மேனேஜர் துரை எட்டிப் பார்த்தார். “ஏறாதத விட்ருங்கம்மா. இல்லாட்டி பேர குறைங்க. கம்பெனி ஃபோல்டர மட்டும் தொடாதீங்க, அது ஆர்டர்.”

“ஒங்க பேருக்கு முன்னால இருக்கிற பட்டத்த யாராச்சும் குறைக்கச் சொன்னாங்களா தொர?”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான்தான் பயத்தில் ‘முனியம்மா 1’ என்று அடிக்கத் தொடங்கினேன். மணிக்கட்டில் ஓர் அடி விழுந்தது. “கைய எடு. ஜெயிலா இது, நம்பர் போட?”

அப்போதுதான் அந்த வரியை முதலிலிருந்து வாசித்தோம். கம்பெனி, வட்டாரம், டிவிஷன், நலப் பிரிவு, நிகழ்ச்சிகள். முனியம்மா வந்து சேர்வதற்குள் பாதி வரி தீர்ந்திருந்தது. நீளம் யாருடையது? தன் வாழ்நாளெல்லாம் கூடை சுமந்தவள் இதையும் சுமக்க வேண்டுமா? கிராணியம்மா முனியம்மாவைப் பிடித்து, கம்பெனிக்குள்ளிருந்து வெளியே இழுத்து, கணினியின் தலைவாசலில் வைத்தார். வயிற்றுக்குள் மகன், பேத்தி என எல்லோரோடும் அவள் வந்தாள். அங்கிருந்து நகலெடுத்தோம். ஓர் எழுத்தும் குறையாமல் ஏறினாள். அவள் பின்னால் ஒவ்வொரு குடும்பமாக.

லயம் இருந்த இடத்தில் இன்று காய்கறிக் கூடாரங்கள். கிராணியம்மா ஈப்போவிலிருக்கும் தன் மகள் வீட்டோடு போய்விட்டார், டிஸ்க் என்னிடம். கேட்டு வருகிறவர்கள் பாட்டியைத் திறந்து அப்பாவைத் திறந்து தங்களை அடைகிறார்கள். சுருக்கித் தரலாமே என்கிறான் கணினி படித்த ஒருவன். தரமாட்டேன். வேர் நீளமாக இருப்பதற்கு மரம் மன்னிப்புக் கேட்பதில்லை.

அன்று மதியம் கணினியோடு லோரி கிளம்பியது. கிராணியம்மாவின் மருமகன் கார் கதவைத் திறந்து நின்றான். கம்பெனி ஃபோல்டரைக் கலைத்தது யார் என்று துரை கேட்பாரே என்றேன். கிராணியம்மா ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

“நாந்தான்னு சொல்லு லா. எம்பேர முழுசா சொல்லு.”