மிச்ச சிலிண்டர்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் மிச்சம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா தூங்கிக்கொண்டிருந்தது. தொழில், குளிர்பெட்டி மெக்கானிக். மீனும் பழமும் மருந்தும் கெட்டுப்போகாமல் கப்பலில் போவதற்கு, ஒரு பக்கத்தில் குளிர் இயந்திரம் பொருத்திய பெரிய இரும்புப் பெட்டிகள் உண்டல்லவா, அவற்றுக்கு வைத்தியம் பார்க்கிறவர். பெட்டி சூடானால் இவரைத்தான் தேடுவார்கள்.

மிச்சம் என்ற பட்டம் சும்மா வந்துவிடவில்லை. எதையும் தூக்கிப் போட மனசு வராது மனிதருக்கு. தேய்ந்த சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைப்பார். பழைய சட்டையிலிருந்து பொத்தானைப் பிய்த்து டப்பாவில் போடுவார். "என்னை மட்டும் எப்படி இன்னும் எதோடயும் ஒட்டாம விட்டு வெச்சிருக்கார்னு தெரியல" என்பாள் அவர் மனைவி. அவர் சிரித்துவிட்டுப் பொத்தானை எண்ணப் போய்விடுவார்.

இந்தக் குணம்தான் பட்டறையிலும் வேலை செய்தது. குளிர்பெட்டிக்குள் ஓடுகிற வாயு காற்றில் கலந்தால் பூமியைச் சூடாக்குகிறது என்று கண்டுபிடித்து, எங்கோ ஒரு பெரிய மண்டபத்தில் பல நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டார்கள். இனி வருஷத்துக்கு வருஷம் அந்த வாயுவைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும், நாட்டுக்கு இவ்வளவுதான் என்று பங்கும் பிரித்தார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் புது வாயுவுக்கு ஏற்ற புதுப் பெட்டிகளை வாங்க முதலாளிகள் யாரும் அவசரப்படவில்லை. பழைய பெட்டிகள் பழைய வாயுவைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தன. பட்டறையில் சிலிண்டருக்குப் பெரிய தட்டுப்பாடு.

ஒவ்வொரு சிலிண்டரின் அடியிலும் கொஞ்சம் வாயு தங்கிவிடும். அது பெட்டிக்குள் ஏறாது. மற்ற மெக்கானிக்குகள் வால்வைத் திறந்து அதைக் காற்றில் விட்டுவிடுவார்கள். நம்ம ஆளுக்கு அது பொறுக்குமா? காலி சிலிண்டர் ஒன்றைப் பனிக்கட்டித் தொட்டியில் நிறுத்திக் குளிரவைத்தார். அதிலிருந்து ஒரு குழாயை எடுத்து மற்ற சிலிண்டர்களில் மாட்டினார். குளிர்ந்த சிலிண்டர் அந்த மிச்சங்களையெல்லாம் மெல்ல இழுத்துக்கொண்டது. அதற்கு மிச்ச சிலிண்டர் என்றே பெயராகிவிட்டது. வேலை முடிகிற நேரத்தில் எல்லா மெக்கானிக்குகளும் தங்கள் சிலிண்டரின் அடிவாயுவை அதில் கொண்டுவந்து இறக்குவார்கள். அவசரத்துக்குப் பெட்டி வந்தால் அதிலிருந்து எடுத்து நிரப்புவார்கள். அதற்கு எழுத்துக் கணக்கு எதுவும் கிடையாது. புதுச் சிலிண்டரின் முத்திரையை உடைத்தால்தான் கணக்கு.

ஒப்பந்தத்து ஆட்கள் ஒருமுறை சுற்றிப் பார்க்க வந்தார்கள். மிச்ச சிலிண்டரைப் பார்த்து அசந்துபோனார்கள். காற்றில் ஒரு துளியும் விடாத பட்டறை என்று பாராட்டி, அவர் தோளில் கைபோட்டுப் படமெடுத்துக்கொண்டார்கள். அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்த நடையே வேறு. மனைவியும் மகளும் இரண்டு நாள் அந்த நடையை நடித்துக் காட்டிச் சிரித்தார்கள்.

மகளும் துறைமுகத்தில்தான் வேலை பார்த்தாள். பிளக் போடுகிற வேலை. அடுக்கி வைத்த குளிர்பெட்டிகளுக்கு முன்னால் இரும்புச் சட்டத்தில் தளம் தளமாக நடைபாதை இருக்கும். அதில் ஏறி, ஒவ்வொரு பெட்டியின் தடித்த கேபிளையும் இழுத்து, மின்சாரப் பெட்டியில் செருகித் திருகி, சுவிட்சைப் போட்டுவிட்டு, இயந்திரம் ஓடுகிறதா என்று அதன் முகத்துக்கு நேராக நின்று பார்க்கவேண்டும். இருபத்தைந்து வயதுப் பெண். பயம் என்றால் என்னவென்று கேட்கிற ரகம்.

பயம் முதலில் வேறொரு துறைமுகத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு குளிர்பெட்டிக்கு மின்சாரம் கொடுத்ததும் இயந்திரம் குண்டு போல வெடித்து, முன்னால் நின்றவன் அங்கேயே போய்விட்டான். மின்கசிவு என்றார்கள். அடுத்த வாரம் இன்னொரு துறைமுகத்தில் ஒரு மெக்கானிக் பெட்டியைத் திறந்ததும் காற்றுப் பட்டுத் தீப்பிடித்தது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. தட்டுப்பாட்டைப் பார்த்துவிட்டு யாரோ ஒரு கூட்டம் கள்ளச் சரக்கை இறக்கியிருக்கிறது. சிலிண்டர் அசல், முத்திரை அசல், உள்ளே இருந்தது வேறு வாயு. இயந்திரத்துக்குள் இருக்கும் அலுமினியத்தை அது மெல்ல அரித்து, அங்கே வெடிமருந்து மாதிரி ஒன்றை உண்டாக்கி வைத்துவிடுமாம். எந்தப் பெட்டி எப்போது வெடிக்கும் என்று படைத்தவனுக்கும் தெரியாது.

அந்தச் சரக்கில் கொஞ்சம் இவர்கள் பட்டறைக்கும் வந்திருந்தது.

துறைமுகம் ஒரே நாளில் செத்துப்போன மாதிரி ஆனது. இங்கே பழுது பார்த்த பெட்டிகளை ஒப்பந்தத்தில் இருக்கிற எந்த நாடும் இனி இறக்க மாட்டேன் என்றது. குளிர்பெட்டிகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டு, உள்ளே இருந்ததெல்லாம் அழுகி நாற ஆரம்பித்தது. பல நாடுகள் சேர்ந்து ஒரு பரிசோதனைக் குழுவை அனுப்பின. தலைவி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, நம் மொழியைப் பாதியும் சைகையைப் பாதியும் வைத்துப் பேசிவிடுவார். எல்லோரும் அவரைப் பரிசோதகரம்மா என்றார்கள்.

குழு பட்டறைக் கணக்கைப் பார்த்தது. கள்ளச் சரக்குச் சிலிண்டர் எந்தெந்தப் பெட்டிக்குப் போனதோ அதற்கெல்லாம் சிவப்புச் சீட்டு ஒட்டித் தூரமாகக் கொண்டுபோய் வைத்தார்கள். மற்றதுக்கெல்லாம் பச்சைச் சீட்டு. நாளை காலையில் பச்சைச் சீட்டுப் பெட்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. பட்டறையில் கைதட்டினார்கள். மிச்சமும் கை தட்டினார். தட்டிக்கொண்டிருந்தவருடைய கண் மூலையில் நின்ற அந்தச் சிலிண்டர் மேல் விழுந்தது.

கள்ளச் சரக்குச் சிலிண்டர்களின் அடிவாயுவையும் அதில்தானே இறக்கினார்கள்? இறக்கினார்கள். அதிலிருந்து எத்தனை பெட்டிக்கு எடுத்துக் கொடுத்தார்கள்? யார் கண்டது! பச்சைச் சீட்டு ஒட்டி நிற்கிறவற்றில் எது நல்லது எது எமன் என்று சொல்ல ஒரு ஆளும் கிடையாது. நேராகப் பட்டறை ஃபோர்மேனிடம் போய் நின்றார்.

ஃபோர்மேனுக்கு ஒரு நிமிஷத்தில் முகம் வெளுத்தது. சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வாயைத் திறந்தீங்கன்னா நாம எல்லாரும் உள்ள போயிடுவோம். துறைமுகத்தையே இழுத்து மூடிருவாங்க. கொஞ்சூண்டு கலந்திருந்தா என்ன ஆகிடப்போகுது? ஒண்ணும் ஆகாதுண்ணே."

"ஆச்சுன்னா?"

"ஆகாதுன்னு நினைச்சுக்குங்க."

நினைத்துக்கொள்ளச் சொன்னால் நினைத்துக்கொள்ள முடிகிற விஷயமா அது? பஸ்ஸில் நின்றபடியே வீட்டுக்கு வந்தார். உட்கார இடம் இருந்தது, அது அவர் கண்ணில் படவில்லை.

வீட்டில் மகள் குஷியாக இருந்தாள். சும்மா உட்கார்ந்து சலித்துப் போயிருந்தவளுக்கு நாளைக்கு வேலை. முதல் வரிசையே அவளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். காலணியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் லீவு போடேம்மா" என்றார்.

"ஏம்ப்பா?"

"சும்மாதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்ல."

"எனக்கு என்ன கேடு? நல்லாத்தானே இருக்கேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "பயப்படுறீங்களாப்பா? அதான் பச்சைச் சீட்டு ஒட்டிட்டாங்களே. அதுவுமில்லாம, நான் போகலன்னா வேற ஒருத்தி போவா. அவளும் ஒரு வீட்டுப் பொண்ணுதானே?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவருக்கு அது நெஞ்சில் குத்தியது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். கண்முன்னால் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. போலீஸ், ஜெயில், சக தொழிலாளிகளின் முகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே, அப்பா என்றால் கெட்டிக்காரர் என்று நம்பிக்கொண்டிருக்கும் இந்தப் பெண்ணின் முகம். சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு எழுந்துபோனார். கோழை என்று திட்டலாம்தான். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனை வெளியிலிருந்து திட்டுவது ரொம்பச் சுலபம்.

காலையில் மகளோடு ஒரே பஸ்ஸில் போனார். வாசலில் அவள் பெட்டிகள் அடுக்கி வைத்த யார்டு பக்கம் திரும்பினாள், இவர் பரிசோதகரம்மாவின் அறைப் பக்கம் திரும்பினார். அறை வாசல் வரை போனார். கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கையை இறக்கிக்கொண்டு, கொஞ்சம் தெம்பு வரட்டும் என்று டீக்கடைக்கு வந்துவிட்டார். டம்ளரை வாங்கியவர் குடிக்க மறந்து நின்றார்.

அப்போது யார்டிலிருந்து முதல் பெட்டியின் இயந்திரம் ஓட ஆரம்பிக்கிற சத்தம் வந்தது. வாழ்நாளெல்லாம் கேட்ட சத்தம்தான். அதைக் கேட்டு ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை. ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததும் ஓடியது. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் "அப்பாடா, உயிர் வந்துச்சு" என்றார். மூன்றாவது சத்தத்துக்கு முன்னால் ஒரு இடைவெளி விழுந்தது. கேபிள் இழுபடுகிற இடைவெளி. அந்த இடைவெளியில் அவர் டம்ளரைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தார்.

மகள் இரண்டாவது தளத்தில் நின்றாள். கத்தினால் கேட்காது. மின்சார அறை பக்கத்தில் இருந்தது. உள்ளே புகுந்து, காவலுக்கு இருந்தவரைத் தள்ளிவிட்டு, பெரிய சுவிட்சை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே இழுத்தார். யார்டு முழுக்க அடங்கியது. அபாயச் சங்கு ஊதத் தொடங்கியது.

நாலு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். ஃபோர்மேன் தூரத்திலேயே கையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்றார். மிச்சம் அவரைப் பார்க்கவே இல்லை. மகள் இறங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே பரிசோதகரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பனிக்கட்டித் தொட்டி, குழாய், கணக்கில் வராத சிலிண்டர், அதைத் தொடங்கி வைத்தது தான்தான் என்பது, எதையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பரிசோதகரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பச்சைச் சீட்டுகளையெல்லாம் கிழிக்கச் சொன்னார். தடுப்பு உடை போட்ட ஆட்கள் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் வாயுவை எடுத்துச் சோதித்தார்கள். பாதி பகல் போனது. பெரும்பாலான பெட்டிகள் நல்லவை. சிலது கெட்டவை. மகள் கையை வைத்திருந்த மூன்றாவது பெட்டி நல்லது.

அவள் காலையில் ஓடவிட்ட இரண்டாவது பெட்டி கெட்டது.

ஏன் வெடிக்கவில்லை என்று குழுவிடம் கேட்டார்கள். அதிர்ஷ்டம் என்றார் ஒருவர். மகள் அந்தப் பெட்டியைப் பார்த்தாள். அதன் முகத்துக்கு நேராக நின்று எண்களைப் படித்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். "நேத்தே தெரியுமாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார். அவள் எழுந்து போய்விடவில்லை.

பிறகு, கப்பலேறிப் போய்விட்ட பெட்டிகளைப் பற்றிய பேச்சு வந்தது. ஒப்பந்தத்தில் இருக்கிற நாடுகளுக்கெல்லாம் ஒரே செய்தி பறந்தது. இந்த யார்டில் கை வைத்த எந்தப் பெட்டிக்கும் மின்சாரம் கொடுக்காதீர்கள், திறக்காதீர்கள். அப்பாவையும் மகளையும் பரிசோதகரம்மாவின் அறையில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் எதையாவது நினைவுபடுத்திச் சொல்வாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில்கள் வர ஆரம்பித்தன. பெட்டிகளை நிறுத்தி வைத்தாயிற்று. தூரமாக வைத்தாயிற்று. சோதித்தாயிற்று, கெட்டதுதான், நன்றி. ஒவ்வொரு பதிலுக்கும் மிச்சம் மூச்சை விட்டுவிட்டு அடுத்ததுக்காக மறுபடி பிடித்துக்கொண்டார். அந்த மண்டபத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது அவருக்கு.

கடைசியில் ஒரு துறைமுகம் பாக்கி நின்றது. அங்கே நேற்று சில பெட்டிகள் இறங்கியிருந்தன.

"அந்த நாடு ஒப்பந்தத்துல சேரல" என்றார் பரிசோதகரம்மா. "இந்த மாதிரி விஷயத்துக்கு அங்க ஆபீஸ் இல்ல. யாரைக் கூப்பிடறதுன்னு எங்களுக்குத் தெரியல."

"கப்பல் கம்பெனியைக் கேளுங்கம்மா!"

"கேட்டாச்சு. பெட்டியை இறக்கினதோட அவங்க வேலை முடிஞ்சுதுன்னு சொல்றாங்க."

எங்கிருந்தோ ஒரு பழைய எண்ணைத் தேடிப் பிடித்தார்கள். அந்தத் துறைமுகத்தின் வாசல் காவல் அறை எண். பரிசோதகரம்மா ஒலிபெருக்கியில் போட்டுக் கூப்பிட்டார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்.

மகள் சுவரில் இருந்த உலக வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க இப்ப என்ன நேரம்?" என்றாள்.

"இப்பத்தான் விடியும். பிளக் போடறவங்க வேலைக்கு வர்ற நேரம்" என்றார் பரிசோதகரம்மா.

மிச்சம் எழுந்து மேஜைக்கு வந்தார். அந்த ஊர் மொழியில் ஒரு வார்த்தையும் அவருக்குத் தெரியாது. இருந்தாலும் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "யாராவது எடுங்களேன்யா" என்று அதனிடம் கெஞ்சினார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.