பதினோரு கம்பிப் பெட்டியைத் தேடித் திருச்செங்கோட்டுக்கு

காது கேட்கும் கருவி போட்டுக்கொண்டு தனியாக வெளியூர் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போகலாம். சென்ற மாசியில் நான் போய் வந்தேன். போனதற்குக் காரணம் ஒரு இசைத்தொகுப்பு.

விருத்தாசலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு காய்ச்சலுக்குப் பின் காது மங்கி, வாடிக்கையாளர் சொல்லும் அளவுகூட விளங்காமல் போனது. ஒரு தொண்டு அமைப்பு எனக்குக் கருவி வாங்கிக் கொடுத்தது. பல நாட்டுக் கலைஞர்கள், மின்சாரக் கருவி எதுவும் சேர்க்காமல், சம்பளம் வாங்காமல் வாசித்துக் கொடுத்த ஒரு தொகுப்பை விற்றுத்தான் அந்தப் பணம் வந்ததாம். அதை நானும் வாங்கினேன். அதில் நான்காவது பாட்டை வாசித்தவர் திருச்செங்கோட்டுக்காரர் என்று போட்டிருந்தது. நேரில் நன்றி சொல்லத் தோன்றியது. அமைப்பினர் அவரிடம் கேட்டுவிட்டு முகவரி தந்தார்கள்.

காலை ஐந்தரைக்குப் பஸ் ஏறி, ஆத்தூர் வழியாகச் சேலம் சேரும்போது மணி பத்து. ஜன்னலோரம் மட்டும் உட்காராதீர்கள். காற்று கருவியில் மோதி, தலைக்குள் மாவு மில் ஓடுவது போலிருக்கும். சேலத்திலிருந்து திருச்செங்கோடு ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர்; சங்ககிரி வழியாக ஒன்றரை மணி நேரம், டிக்கெட் நாற்பது ரூபாய். எனக்குக் காது சரியாகக் கேட்காது என்று கண்டக்டரிடம் ஏறியதுமே சொல்லிவிட்டேன். “நீங்க தூங்குங்கக்கா, நான் எழுப்பியுடறேன்” என்றார். சொன்னபடி எழுப்பியும் விட்டார்.

ரிக் லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையைத் தாண்டி ஆட்டோவில் பத்து நிமிடம். வாசலுக்கே வந்து நின்றவர் பாவாயி அக்கா. “வாங்க சாமி, ஊடு கண்டுபுடிக்கச் சிரமமுங்களா?” உள்ளே அவர் கணவர் குழந்தைவேல் அண்ணன்; அந்த நான்காவது பாட்டை வாசித்தவர். போர்வெல் போடும் ரிக் வண்டியில் இருபது வருடம் வேலை பார்த்தவர்; அதில் எட்டு வருடம் உகாண்டாவில். கூட வேலை செய்த ஒகெல்லோ என்பவர் அங்கே அவருக்குக் கொடுத்ததுதான் பாட்டில் வாசித்த வாத்தியம். கையளவு மரப்பெட்டி, மேலே பதினோரு இரும்புக் கம்பிகள். கட்டைவிரலால் மீட்ட வேண்டும். லுகெமே என்பார்களாம்.

“என்ற பாட்டை மொதல்ல கேட்டப்ப எப்படிங்க இருந்துச்சு?” என்று கேட்டார்.

பஸ்ஸில் அழகான பதில் ஒன்றைத் தயார் செய்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை.

“தகரத்துல ஆணி கொட்டுன மாதிரி இருந்துச்சுண்ணே.”

பாவாயி அக்கா திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். அவர் சிரித்துவிட்டார். “ஆணி இல்லீங்க, சைக்கிள் கம்பி. தட்டிப் பட்டையாக்கிச் சொருகியிருக்குது.”

மீதியையும் சொன்னேன். மற்ற பாட்டுகளில் குரலும் தந்தி வாத்தியங்களும் ஒன்றாகக் கலந்து எனக்கு வெறும் இரைச்சலாகவே கேட்டன. இதில் ஒன்று முடிந்து ஒன்று வந்ததால் விடாமல் கேட்டேன். மூன்று வாரம் கழித்து, பித்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, அடுத்து எந்த ஒலி வரும் என்று தெரிந்தது. அதுவே வந்தது. காது மங்கிய பிறகு எனக்குப் பிடிபட்ட முதல் இசை அது.

அவர் பெட்டியை எடுத்து வந்து வாசித்தார். பெட்டியின் விளிம்பைத் தாடையில் அழுத்திக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, “ஏனுங்க, ஓரத்து மூணு கம்பி, உங்களுக்குச் சத்தம் வருதுங்களா?” என்றார்.

“வருதே. மெலிசா, தெளிவா வருது.”

“எனக்கு ரெண்டு வருசமா வரலீங்க. கம்பி செத்துப்போச்சுன்னு நெனச்சேன். இவ வருதும்பா. என்ற மனசு நோகக்கூடாதுன்னு சொல்றான்னு இருந்துட்டேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது; மங்கியது கம்பி இல்லை, அவர் காது. அதிர்வுக்காகத்தான் பெட்டியைத் தாடையில் அழுத்தியிருக்கிறார். நானும் முதல் ஒரு வருடம் டிவியைத்தான் குறை சொன்னேன். அவரோ இருபது வருடம் ரிக்கின் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றவர்.

“காதைக் காட்டலாம்னு எத்தனையோ தடவை சொல்லிட்டனுங்க” என்றார் பாவாயி அக்கா.

“மெசினு வெச்சா செவிடன்னுவாங்க.”

நான் முடியை ஒதுக்கிக் கருவியைக் காட்டினேன். “என்னை யாரும் சொல்லலைண்ணே. சொன்னாலும் இப்ப காதுல விழும், திருப்பிச் சொல்லிக்கலாம்.”

மறுபடி சிரித்தார். சாப்பிட்டுவிட்டு, அவர் காதைக் காட்ட மூவரும் சேலம் பஸ் ஏறினோம்.

சேலத்தில் காது பரிசோதனை முடிய ஒரு மணி நேரம் ஆனது. உயர்ந்த ஒலிகள் அவருக்குக் கேட்பதே இல்லை என்றும், கருவி வைத்தால் பெருமளவு கேட்கும் என்றும் சொன்னார்கள். வெளியே வந்து அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“போன வருசம் அந்தப் பாட்டை வாசிச்சுக் குடுத்தனே, அப்ப நான் அதை முழுசாக் கேக்கவே இல்லீங்களா?”

“நான் கேட்டனுங்க,” என்றார் பாவாயி அக்கா. “எல்லாக் கம்பியும் வந்துச்சு.”

அவர் வெகுநேரம் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

அமைப்பிடம் பேசினேன். அதே தொகுப்பின் பணத்திலிருந்து அவருக்கும் சித்திரையில் கருவி தருகிறார்கள். அடுத்தவங்களுக்குன்னு குடுத்ததாச்சே என்று அவர் தயங்கினார். பாவாயி அக்கா சரி என்றுவிட்டார்.

கருவி போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்களுக்கு: மாற்று பேட்டரி இரண்டு செட் வேண்டும். பேசுபவரின் முகம் தெரிகிற மாதிரி உட்காருங்கள். கேட்காததைக் கேட்டதாகத் தலையாட்டாதீர்கள். யாருக்காவது நன்றி சொல்ல நினைத்துத் தள்ளிப்போட்டிருந்தால், போய்விட்டு வாருங்கள். ஒரு பகல் போதும்.

தொகுப்பை வாங்குகிறவர்கள் நான்காவது பாட்டைக் கடைசிவரை கேளுங்கள். முடிகிற இடத்தில் மெலிதாக மூன்று ஒலிகள் வரும். வாசித்தவர் அதைச் சித்திரையில் கேட்பார்.