மாமா என் கையை விட்ட வருடம்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த ஒழுங்கையின் ஒரு முனையில் பஸ்கள் ஓடும் காலி வீதி, மறுமுனையில் கடல். கடலுக்குச் சற்று முன்னால் ரயில் பாதை. ரயில் போகும்போதெல்லாம் எங்கள் மாடிவீட்டு அலுமாரிக்குள் கண்ணாடிக் குவளைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அப்பாவுக்குக் கட்டார் நாட்டில் வேலை. வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தம்பி ஆகிய மூவர்தான்.

மாமா பம்பலப்பிட்டியில் கட்டடங்களுக்குப் படம் வரையும் அலுவலகமொன்றில் வேலை செய்தார். மாலையில் வந்து முகம் கழுவியதும் என்னைக் கடலுக்குக் கூட்டிப்போவார். ரயில் பாதையைக் கடக்கும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, இரண்டு பக்கமும் பெரிய அதிகாரியைப்போலப் பார்த்து, "இப்ப போகலாம்" என்று உத்தரவு கொடுப்பார். பாறையில் குந்தியிருந்து இறால் வடை சாப்பிடுவோம். தூரத்தில் நிற்கும் கப்பல்கள் எல்லாம் எனக்குப் பொம்மை கொண்டுவருவதாகச் சொல்வார். ஒரு கப்பலும் கொண்டுவரவில்லை. அதற்குத் துறைமுகத்துக்காரர்தான் பொறுப்பு என்பார்.

நான் நாலாம் ஆண்டு படித்த வருடம் இவையெல்லாம் நின்றுபோயின. முதலில் பாதை கடக்கும்போது என் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தார். பிறகு, "நீ அம்மாவோட போ, எனக்கு அலுப்பாக்கிடக்கு" என்றார். கொஞ்ச நாளில் நான் இருக்கும் அறைக்குள் வருவதையே தவிர்த்தார். சமையலறைக் கத்திகளை அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை அவளே வைத்திருக்கும்படி அம்மாவிடம் கெஞ்சினார். அம்மா ஒவ்வொரு வெங்காயத்துக்கும் அலுமாரியைத் திறந்து பூட்டினாள். நான் வளர்ந்துவிட்டதால் மாமாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று முடிவுசெய்துகொண்டேன். அந்த வயதில் அதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அவர் அம்மாவிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்துபோட மாட்டன்தானே?"

"மாட்டாயடா. உன்னை எனக்குத் தெரியாதே?"

அவர் முகம் தெளியும். சோறு வெந்து முடிவதற்குள் மறுபடியும் வந்து அதையே கேட்பார். அம்மாவும் அதையே சொல்வாள். கிருலப்பனையில் இருந்த பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, இது யாரோ கண்பட்டு வந்த கண்ணூறு என்றும், கலியாணம் கட்டி வைத்தால் தீரும் என்றும் சொல்லி, கோயில் நூலொன்றைக் கட்டிவிட்டுப் போனா. மாமா நூலையும் கட்டிக்கொண்டு, பயத்தையும் வைத்துக்கொண்டு நடமாடினார்.

பிறகு யாரோ சொல்லி, பம்பலப்பிட்டியில் மனநோய்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு பெண்ணிடம் அம்மா அவரைக் கூட்டிப்போனாள். வீட்டில் அவவை 'மிஸ்' என்றார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கும் ரியூசன் ரீச்சர் என்றே நான் நினைத்திருந்தேன். மாமாவுக்குப் பள்ளிக்கூடத்தில் போல வீட்டுவேலை கொடுக்கிறா என்று அம்மா சொன்னதால் அதில் சந்தேகமும் வரவில்லை.

மிஸ்ஸிடம் போகத் தொடங்கியபின் அம்மாவின் பதில் மாறியது. மாமா வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும்? சாப்பாடு ஆறுது, வா" என்பாள். அவர் திரும்பத் திரும்பக் கேட்பார். அவள் கறியைக் கிளறிக்கொண்டே நிற்பாள். அம்மாவுக்கு இவ்வளவு கல்நெஞ்சா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஒருநாள் அவளுக்குப் பதிலாக நானே, "மாட்டீங்கள் மாமா" என்றேன். அம்மா என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

வீட்டுவேலைகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருநாள் அலுமாரி திறந்தது. மாமா கத்தியை எடுத்து, பக்கத்துக் கதிரையில் என்னை இருத்திவைத்து மாங்காய் வெட்டினார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. ஒரு மாங்காய்க்கு இத்தனை பாடுபட்ட மனிதரை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை. துண்டுகள் கோணல்மாணலாக இருந்தன. படம் வரைகிறவர் இப்படி வெட்டலாமா என்று கேட்டேன். அன்றுதான் வெகுநாளைக்குப் பிறகு அவர் சிரித்தார்.

அடுத்தது ரயில் நிலையம். முதலில் அம்மாவும் வந்தாள். மேடையின் கோடியில் மூவரும் நீண்ட மர வாங்கில் உட்கார்ந்து ரயில்களைப் பார்த்துவிட்டு வருவோம். ஒருநாள் அம்மா எனக்குச் சீப்பால் தலையிழுத்துவிட்டு, "இண்டைக்கு நான் வரேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாங்கோ" என்றாள்.

மாமா போட்ட செருப்பைக் கழற்றினார். "வேண்டாம் அக்கா. நீங்களும் வாங்கோ."

"மிஸ் என்ன சொன்னவ?"

அவர் செருப்பைத் திரும்ப மாட்டினார்.

"பிறகென்ன? போ." என் கையை எடுத்து அவர் கைக்குள் வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

மேடையில் வேலைவிட்டு வந்த சனம். எல்லோருக்கும் நடுவில் மாமா என் கையைப் பிடித்தபடி நின்றார். நிற்காமல் போகும் ரயிலொன்று வருவதாகச் சிங்களத்தில் அறிவித்தார்கள். அவர் உள்ளங்கை ஈரத்துணிபோல ஆகியது.

"மாமா, கை வேர்க்குது. விடுங்கோவன்."

"இல்லையம்மா. விடக்கூடாது." கொஞ்சம் பொறுத்து, "எனக்குப் பயமாக்கிடக்கு" என்றார்.

"ரெயினுக்கோ?"

"இல்லை."

வளர்ந்த ஆம்பிளைக்கு ரயிலுக்குப் பயம், அதைச் சொல்ல வெட்கம் என்று நான் விளங்கிக்கொண்டேன். "நான் பிடிச்சிருக்கிறன் மாமா, பயப்பிடாதேங்கோ" என்றேன். மிஸ் அங்கே நின்றிருந்தால் அதையும் சொல்லவிட்டிருக்க மாட்டா.

ரயில் வந்தது. காற்று என் சட்டையைத் தூக்கியடித்தது. மாமா கண்ணை மூடவில்லை, பின்வாங்கவில்லை, வாய்க்குள் ஒன்றும் முணுமுணுக்கவில்லை. போனபின் வீட்டுக்குப் போவோம் என்று பார்த்தால் அடுத்ததற்கும் நின்றார். அதற்கடுத்ததற்கும் நின்றார். எனக்குக் கால் உளைந்தது. ஒருவழியாக அவர் திரும்பியபோது அவர் கை காய்ந்து, பழைய சூட்டோடு இருந்தது. ஒரு வடை வாங்கித் தந்தார்.

போன வருடம் வத்தளையில் மாமா வீட்டுக்குப் போயிருந்தபோது, மாமியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கவே, அவராகத்தான் இதைச் சொன்னார். "உன்னை ரெயினுக்கு முன்னால தள்ளிப்போடுவன் எண்டு எனக்குள்ள ஒரு நினைப்பு வந்திட்டுது. ஏன் வந்ததெண்டு தெரியாது. உன்னில உயிர் எண்டதாலதான் அது அப்பிடிப் பிடிச்சதாம், மிஸ் சொன்னவ. அந்த நினைப்பில இருந்து ஓடாமல், ஒருத்தரிட்டையும் உத்தரவாதம் கேக்காமல், அது தானா அடங்குமட்டும் நிக்கவேணும். அதுதான் வைத்தியம்."

"இப்ப வாறதில்லையோ?"

"இடைக்கிடை வரும். வந்தா வந்திட்டுப் போகட்டும் எண்டு விட்டிடுவன்." மகளின் தட்டில் மீன்துண்டு ஒன்றை வைத்தபடி சொன்னார்.

தெருவைத் தனியே கடக்க என்னை விடாத அம்மா, ஒரே பிள்ளையை அந்த மேடைக்கு அனுப்பியது எல்லாம் தெரிந்துதான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மேடைக்கு நாங்கள் இருவரும் தனியே போன அன்று மாலை, படியேறி வருவதற்கு முன்பே கதவு திறந்திருந்தது. அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் முறைப்பாட்டைத் தொடங்கினேன்.

"மாமாவின்ர கையெல்லாம் வேர்வை. நிண்டு நிண்டு கால் நோகுது. ஒரு வடைதான் வாங்கித் தந்தவர். நாளைக்கு நான் போகமாட்டன்."

அம்மா விறுக்கென்று சமையலறைக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரச் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருக்க, அம்மா எனக்கு முதுகு காட்டி நின்றாள். தோள்கள் குலுங்கின. என் முறைப்பாட்டைக் கேட்டு அவளுக்குப் பெரிய கோபம் வந்துவிட்டது என்று பயந்துபோனேன்.

ஓசைப்படாமல் திரும்பிவந்து, மாமாவின் காதில், "அம்மாவுக்குக் கோவம். நாளைக்கும் போவம்" என்றேன்.

"சரி" என்றார் மாமா.

மறுநாளும், அதற்குப் பிறகு பல நாட்களும் நாங்கள் போனோம். அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் போகிறோம் என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்தேன்.